எறும்பும் நம் இல்லமும்

பிழைப்பின் பொருட்டு நம்மவர் எந்த மாநிலத்தில் குடியேறினாலும், சாமான்களை இறக்கி வைத்த மூன்றாம் நாள் அழையாமலே வந்து சேரும் விருந்தினர் எறும்புகளே. மொழி மாறும்; தண்ணீரின் சுவை மாறும்; அரிசியின் பருமனும் மாறும். சர்க்கரை டப்பாவின் மூடி இடுக்கில் நுழையும் அவ்வரிசை மட்டும் மாறுவதில்லை. தில்லியில் அதனைச் சீண்ட்டி என்பர், கொல்கத்தாவில் பிப்ரே, மும்பையில் முங்கி, அகமதாபாத்தில் கீடி, ஐதராபாத்தில் சீம, பெங்களூரில் இருவெ. மலையாளத்தார் உறும்பு என்னும்போது நம் சொல்லே சற்று வாய் மாறி ஒலிப்பதைக் கேட்கிறோம். இத்தனை பெயர் பெற்ற இச்சிற்றுயிரை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதற்கு நம் நாட்டார் காலந்தோறும் என்னென்ன செய்தனர் என்பதனை இங்கே காண்போம். அது வெறும் வேடிக்கை வரலாறன்று. அடுக்களையில் நஞ்சு புகுந்த வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இந்திய எறும்பின் புகழ் முதன்முதலில் வெளிநாட்டில் பரவியது அதன் கடியினால் அன்று, பொன்னினால். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்தியாவின் வட எல்லையில் நரியினும் பெரிய எறும்புகள் இருப்பதாகவும், அவை வளை தோண்டும்போது பொன் மணலை வெளியே தள்ளுவதாகவும் எழுதி வைத்தார். நம் மகாபாரதத்தின் சபா பருவத்திலும், தருமபுத்திரருக்குத் திறையாக வந்த பொருள்களுள் எறும்பு தோண்டிய பொன் கூறப்படுகிறது. மிஷேல் பெசெல் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1996ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு விளக்கம் கூறினார்: தியோசாய்ப் பீடபூமியில் வளை தோண்டி வாழும் மார்மட் என்னும் மலை அணிலே அவ்வெறும்பு என்பது அவர் முடிவு. விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. நம் வீட்டு எறும்பு பொன் கொணர்வதில்லை. இருக்கும் சர்க்கரையைக் கொண்டு செல்கிறது. ஆகவே அதனிடம் வருவோம்.

எறும்பு எப்பொழுது வீட்டுக்குள் நுழையும் என்பதனை நம் முன்னோர் நன்கு கவனித்திருந்தனர். புறநானூற்றில் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சிறுகுடி பண்ணனுடைய வீட்டில் சோறு பெற்றுச் செல்லும் சிறுவர் கூட்டத்தைப் பாடுகிறான். கையில் சோற்றுத் திரளுடன் வரிசையாகச் செல்லும் அப்பிள்ளைகள், மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் நோக்கிச் செல்லும் எறும்பு வரிசையை அவனுக்கு நினைவூட்டினர். ஒரு வேந்தன் எறும்பை இவ்வளவு அணுகிப் பார்த்திருக்கிறான் என்பது வியப்பே. உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரரும் தம் பிருகத் சம்ஹிதையில் இதனையே மழைக்குறியாகச் சேர்த்தார். இருவரும் கண்டது உண்மை. நிலத்தடிப் புற்றில் நீர் புகும் காலத்தில் எறும்பு உலர்ந்த மேட்டைத் தேடுகிறது. நம் வீட்டுச் சுவரும் தரையடி வெடிப்புமே அதற்கு மிக அருகிலுள்ள மேடு. தமிழ்நாட்டில் ஐப்பசியில் நிகழ்வது மும்பையில் ஆனி ஆடியில் நிகழும். வடமேற்கே வறண்ட சீமைகளிலோ மழையைவிடக் கோடையின் நீர் வேட்கையே அதனைத் தண்ணீர்ப் பானையடிக்கு இழுத்து வரும்.

பகை என்ற எண்ணம் முதலிலேயே தோன்றிவிடவில்லை. கடிக்காத சிறு கரிய எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்று பெயரிட்டு, மிதிக்காமல் ஒதுங்கிச் செல்வது நம் ஊர் வழக்கம். அரிசி மாவினால் கோலமிட்டது சிற்றுயிர்க்கு உணவாகட்டும் என்னும் கருத்தினால்தான் என்று நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கிறோம். குஜராத்தில் இது இன்னும் விரிந்த அறமாக விளங்குகிறது. மாவும் சர்க்கரையும் கலந்து எடுத்துச் சென்று, ஊர்ப்புறத்துப் புற்று வாயில் தூவி வருவதைக் கீடியாரு நிரப்புதல் என்பர். இராஜஸ்தானத்தார் புற்றைக் கீடீ நகரா, அதாவது எறும்பு நகரம், என்றே அழைப்பர். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கீடியாரு நிரப்புவோர் மாவை எடுத்துக்கொண்டு புற்றிருக்கும் இடத்துக்குச் செல்கின்றனர். எறும்பைத் தம் வாசலுக்கு வரவழைப்பதில்லை. வாசற்படியிலேயே மாவைத் தூவிவிட்டு, எறும்பு உள்ளே வருகிறதே என்று வருந்தும் நம்மவர் அவர்களிடம் இதனைக் கற்றுக்கொள்ளலாம். இக்காலத்தில் கல்மாவில் கோலமிடுவோருக்கு அந்தத் தொல்லையும் இல்லை, அந்தப் புண்ணியமும் இல்லை.

கொல்லாமலே தடுக்கும் வழிகளுள் மிகப் பழையது நீர்தான். பால் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வைப்பது எல்லா வீடுகளிலும் இருந்த பழக்கம். தயிரும் நெய்யும் உறியில் தொங்கின. கயிற்றின் வழியே எறும்பு இறங்காதிருக்க, அதன் நடுவில் சீமெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றி வைத்தவர்களும் உண்டு. ஆங்கிலேயர் பங்களாக்களிலும் இதே முறைதான் நிலவியது. கம்பி வலை அடித்த உணவுப் பெட்டியின் நான்கு கால்களும் நான்கு நீர்க் கிண்ணங்களில் நின்றன. சதாராவில் பிறந்து பம்பாய் மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய எட்வர்டு ஹாமில்டன் ஐட்கன், தம் பங்களாவைச் சூழ்ந்த பிராணிகளைப் பற்றி 1883இல் நகைச்சுவை ததும்ப ஒரு நூல் எழுதினார். காக்கை, பல்லி, கொசு ஆகியவற்றுடன் எறும்புக்கும் அதில் ஓர் இயல் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை அவ்வாண்டிலேயே தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

இந்த நீர் அகழியில் இரண்டு குறைகள் உண்டு. இரண்டு நாளில் நீரின்மேல் தூசிப் படலம் படியும். சிறு எறும்பு அதன்மேல் பாலத்தின்மேல் நடப்பது போலக் கடந்து சென்றுவிடும். இது சிறிய குறை. பெரிய குறையை மருத்துவத்துறையினர் பிற்காலத்தில் கண்டறிந்தனர். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் கொசு, சாக்கடையை விரும்புவதில்லை. வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த சிறு நீரையே நாடும். அலமாரிக் காலடிக் கிண்ணம் அதற்கு உகந்த பிள்ளைப்பேற்று விடுதி. நகரத்து வீடுகளில் கொசுப்புழு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர் பூந்தொட்டித் தட்டுடன் இக்கிண்ணத்தையும் குனிந்து பார்ப்பதன் காரணம் இதுவே. கிண்ணம் வைப்பவர் அதில் உப்பைக் கரைத்து விடுவதும், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுவதும் இன்றியமையாதன. எறும்புக்கு அஞ்சிக் காய்ச்சலை வளர்ப்பது அறிவுடைமை ஆகாது.

வெள்ளெறும்பு என்று ஆங்கிலேயர் அழைத்த கறையான் பற்றியும் ஒரு சொல். கறையான் எறும்பன்று, அது கரப்பானின் இனம். எறும்போ குளவியின் உறவு. நம் மொழியில் கறையான், செல் என்னும் பெயர்கள் தனியே இருந்தமையால் நமக்கு இக்குழப்பம் நேரவில்லை. தரங்கம்பாடிக்கு 1768இல் வந்து சேர்ந்த ஜோஹான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர் லின்னேயஸின் மாணவர். அவர் தஞ்சைச் சீமைக் கறையானை ஆராய்ந்து 1779இல் ஜெர்மானிய மொழியில் கட்டுரை வெளியிட்டபோதும், வெள்ளெறும்பு என்ற பெயரையே தலைப்பில் இட்டார். அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் அதன் கொடுமையை அறிவர். தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து எடுத்தபோது எஞ்சியவை சிலவே என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். எலுமிச்சம்புல் எண்ணெயை ஏட்டில் பூசிக் காத்தவர்கள் இருந்ததனாலேயே ஏனைய நூல்கள் பல நமக்குக் கிடைத்தன. கறையானுக்கு மருந்து வேறு, எறும்புக்கு மருந்து வேறு என்பதனை நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

எறும்புகளை இனம் பிரித்து எழுதும் பணி சென்னை மாகாணத்திலேயே சிறப்பாகத் தொடங்கியது. படை மருத்துவராக இருந்த ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் சென்னை இலக்கிய விஞ்ஞான இதழில் வெளியிட்டார். 1903இல் பிங்காம் இந்திய எறும்புகளுக்கென்று பெருநூலே எழுதினார். இன்று நம் நாட்டில் அறியப்பட்ட எறும்பினங்கள் எண்ணூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் வீட்டுக்குள் வந்து தொல்லை தருவன மிகச் சிலவே. அச்சிலவற்றிலும் வந்தேறிகள் உண்டு. சுவரோரத்தில் சுரீரென்று கொட்டும் செவ்வெறும்பினம் ஒன்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோ துறையிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில் அது உலகம் சுற்றத் தொடங்கியது என்பது 2015இல் மரபணு ஆராய்ச்சியால் தெளிந்த செய்தி. மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்த திசையிலிருந்தே அதுவும் வந்தது. குடிபெயர்ந்து வாழ்வது நமக்கு மட்டும் உரியதன்று.

எல்லா எறும்பையும் எல்லாரும் விரட்டினர் என்றும் எண்ணிவிடலாகாது. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசிறு கடித்தால் உயிர் போய் வரும். எனினும் ஒடிசாவின் மயூர்பஞ்சுப் பழங்குடியினர் அதனைத் துவையலாக அரைத்து உண்கின்றனர். சிமிலிபால் காய் சட்னி என்னும் அத்துவையல் 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது.

எறும்பு வரிசை எவ்வாறு அமைகிறது என்பது தெரியாத வரையில், தடுக்கும் முறைகள் யாவும் கைப்பழக்கமாகவே இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவா நகரத்துச் சார்ல் பொன்னே, எறும்புத் தடத்தின் குறுக்கே விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். வரிசை அவ்விடத்தில் நின்று தடுமாறியது. கண்ணால் அன்று, மணத்தால் வழி அறிகிறது என்று உணரப்பட்டது. அம்மணம் எங்கிருந்து வருகிறது என்பதனை 1959இல் எட்வர்டு வில்சன் கண்டறிந்தார். செவ்வெறும்பின் வயிற்றிலுள்ள நுண்ணிய சுரப்பி ஒன்றைப் பிரித்தெடுத்து, அதனால் அவர் கோடு இழுத்த வழியெல்லாம் எறும்புகள் தொடர்ந்து வந்தன. இரை கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் இக்கோட்டை எழுதிக்கொண்டே செல்கிறது. ஆகவே வரிசையை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினால் எறும்பு போகும், எழுத்து நிற்கும். அரை மணியில் அடுத்த கூட்டம் அதே வழியில் வரும். சோப்பு நீரால் தடத்தை அழுத்தித் துடைத்தால்தான் எழுத்து அழியும். மஞ்சள் தூளையும் மிளகாய்த் தூளையும் நம் மகளிர் தூவியதன் பயனும் பெரும்பாலும் இம்மணத்தைக் குலைப்பதே. அது புற்றை அழிப்பதில்லை.

இனி நஞ்சின் காலம். மைக்கேல் ஃபாரடே 1825இலேயே ஆக்கிய ஒரு வேதிப்பொருள், நூறாண்டுகளுக்கு மேலாகப் பூச்சிகளுக்குத் தீங்கின்றி உறங்கிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் பூச்சிகொல்லும் ஆற்றல் வெளிப்பட்டது. அதுவே பி.எச்.சி.; கடைப்பெயர் கமாக்ஸீன். 1952இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் அதன் ஆலை தொடங்கியபோது, நம் நாட்டின் பூச்சிமருந்துத் தொழிலே பிறந்தது எனலாம். டி.டி.டி.யின் ஆற்றலை 1939இல் கண்டு 1948இல் நோபல் பரிசு பெற்றவர் பால் முல்லர். அதனை ஆக்குவதற்கு 1954இல் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைந்து, அடுத்த ஆண்டே தில்லியில் உற்பத்தியைத் தொடங்கியது. மலேரியாவை அடக்குவதில் டி.டி.டி. ஆற்றிய பணியைக் குறைத்துக் கூறுவது நன்றி கொன்ற செயலாகும். ஆனால் கமாக்ஸீன் பொடியின் கதை வேறு. பூஞ்சை நாற்றம் வீசும் அப்பொடி, எறும்புப் பொடி என்னும் எளிய பெயருடன் மளிகைக் கடையில் பருப்பும் புளியும் விற்ற அதே கையால் பொட்டலம் கட்டித் தரப்பட்டது. வீட்டார் அதனை அடுப்படியிலும் தொட்டிலின் காலடியிலும் தூவினர். தவழும் குழந்தையின் கை எங்கே படும், பின்னர் எங்கே செல்லும் என்பதனை எண்ணிப் பார்த்தவர் அரியர்.

உணவும் நஞ்சும் அடுத்தடுத்து இருந்தால் என்ன நேரும் என்பதனை 1958ஆம் ஆண்டு காட்டியது. பரத்தியான் என்னும் கடுநஞ்சும் உணவுப் பொருளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன. நஞ்சு கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அதனை உண்டு கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பலர் நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பரத்தியான் எறும்பு மருந்தன்று, பயிர் மருந்து. எனினும் நஞ்சை எங்கே வைப்பது, எவர் விற்பது, அதன் உறையில் என்ன எழுதுவது என்பதற்கு நாட்டில் முழுமையான சட்டம் இல்லை என்பது அப்பொழுது வெளிப்பட்டது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுத் தாமதம் சிறிதன்று. அச்சட்டத்தின் விதிகளால் வந்ததே, மருந்துப் பொட்டலங்களின்மேல் காணப்படும் வண்ணச் சதுரம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் இடைத்தரம், பச்சை எல்லாவற்றினும் குறைந்தது. எழுத்தறியாதவரும், பிற மாநிலத்தின் எழுத்தைப் படிக்க இயலாத நம்மவரும், இந்நிறத்தைக் கண்டு அறியலாம்.

இதற்கிடையே பசும்பாலிலும் தாய்ப்பாலிலும்கூட இம்மருந்துகளின் எச்சம் காணப்பட்டது. டி.டி.டி.யைப் பயிர்களுக்குப் பயன்படுத்துவது 1989இல் விலக்கப்பட்டது. கறையானுக்காக அடித்தளத்தில் ஊற்றப்பட்ட ஆல்டிரின், குளோர்டேன் ஆகியவற்றுக்கு 1996இலும், பி.எச்.சி.க்கு 1997இலும் தடை விதிக்கப்பட்டது. பழைய வீடு மாறும்போது பரணில் பெயரில்லாத வெள்ளைப் பொடிப் பொட்டலம் கிடைத்தால், அதனை முகர்ந்து பார்ப்பதும் மீண்டும் பயன்படுத்துவதும் கூடா.

கமாக்ஸீன் விட்டுச் சென்ற இடத்தைச் சாக்குக்கட்டி பிடித்துக்கொண்டது. 1974இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர், சாமந்தி இனப் பூவொன்றின் நஞ்சைப் பின்பற்றி ஆக்கிய டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளே அதிலுள்ளவை. இந்தியாவில் அது லட்சுமண் ரேகா என்னும் பெயரால் வீடுதோறும் புகுந்தது. அப்பெயரைப் போன்ற மற்றொரு பெயரில் வேறொருவர் விற்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2004இல் முதற்பெயருக்கு உரியவர்க்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. இங்கே ஒன்று கூறத் தோன்றுகிறது. இலக்குவன் கோடு கிழித்த கதை வான்மீகத்தில் இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனின் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். வடநாட்டில் வழங்கிய கதையே கடைப்பெயராகி, தமிழ்நாட்டு அடுக்களைக்கும் வந்து சேர்ந்தது.

இக்கோட்டினால் வரும் இடர் அதன் தோற்றத்தில் இருக்கிறது. குழந்தைக்கு அதுவும் பலப்பமும் ஒன்றே. பாலூட்டும் விலங்குகளுக்கு இந்நஞ்சு பழையவற்றினும் குறைந்ததே எனினும், தின்பதற்கு உரியதன்று. மீன்களுக்கோ மிகக் கொடியது. மீன் தொட்டி உள்ள வீட்டார் கருதிப் பார்க்கவேண்டும். நஞ்சு உட்சென்றதென்று ஐயமுற்றால் உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது பழைய தவறான வழக்கம். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதே தக்கது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இரவும் பகலும் இயங்கி வருகிறது என்பதனையும் வெளிமாநிலத்தில் வாழ்வோர் அறிந்திருத்தல் நலம்.

கோடும் பொடியும் தெளிப்பானும் வெளியே நடமாடும் எறும்பையே கொல்கின்றன. புற்றிலுள்ள தாய் எறும்பு முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. மின்விளக்குப் பொத்தானின் பின்னும் கதவுச் சட்டத்தின் உள்ளும் வாழும் சிறு மஞ்சள் எறும்பினம் ஒன்று, தெளிப்பானால் கலைக்கப்பட்டால் பல தாய்களுடன் பல புற்றுகளாகப் பிரிந்து பெருகும் இயல்புடையது. அமெரிக்கர் 1957 முதல் தம் தென் மாநிலங்களில் செவ்வெறும்பை வேரறுக்க விமானத்திலிருந்து நஞ்சைத் தூவினர். பறவைகளும் மீன்களும் மடிந்தன. எறும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூலில் இச்செய்தி விரிவாக இடம்பெற்றது.

அறிஞர்கள் இறுதியில் கைக்கொண்ட வழி, எறும்பின் கொடைக்குணத்தையே அதற்கு எதிராகப் பயன்படுத்துவது. உண்ட எறும்பு தன் வயிற்றிலுள்ள இனிப்பைப் புற்றிலுள்ளவற்றுக்கு வாய் வழியே பகிர்ந்தளிக்கிறது. உடனே கொல்லாத மருந்தை இனிப்பில் கலந்து வைத்தால், அது தாய் எறும்பு வரை சென்று சேரும். இதற்கு ஏற்ற பொருள் போரிக் அமிலம். அதன் உறவான வெண்காரம் நம் நாட்டு மருத்துவத்தில் பழகியதே. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் திபெத்திலிருந்தும் ஆட்டு முதுகில் மலைவழி இறங்கி, பிற நாடுகளுக்கும் சென்ற பண்டம் அது. 100 மில்லி நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் தோய்த்து, துளையிட்ட மூடியுடைய சிறு டப்பாவில் வைத்துத் தடத்தின் அருகே விடவேண்டும். பயன் மிகுமென்று மருந்தைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே மடியும். புற்றுக்கு ஒன்றும் சேராது. முதல் இரண்டு நாள் வரிசை முன்னைவிடப் பெருகும். அப்போது பொறுமை இழந்து தெளிப்பானை எடுப்பவர்களே பலர். எடுக்கலாகாது, ஓரிரு வாரம் பஞ்சைப் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். டப்பா குழந்தைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எட்டாத இடத்தில், அலமாரிக்குப் பின்னோ குழாயடி மூலையிலோ இருக்கட்டும். அதன்மேல் நஞ்சு என்று தமிழிலும், வீட்டு வேலைக்கு வருபவர் படிக்கத்தக்க அவ்வூர் மொழியிலும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.